ஆகஸ்டில் ஒரு தீபாவளி

தீபாவளி விளம்பரங்களுக்கு நாங்கள் படம் பிடிப்பது ஆகஸ்டில். தேக்காவில் ஒளியூட்டு தொடங்குமுன்பே எங்களுக்குத் தீபாவளி முடிந்துவிடும். காலையில் அறிமுகமான நான்கு பேர் மதியத்துக்குள் அப்பா, அம்மா, மகன், பாட்டி ஆகிவிட வேண்டும்.

சென்ற ஆண்டு, பாட்டியாக வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். படப்பிடிப்புக்கு எடுத்த வீவக வீட்டுக்கோ மணிக்கு இவ்வளவு என்று வாடகை. எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் அம்மாவுக்கே பட்டுப்புடவையைக் கட்டிவிட்டோம். (பட்டு உடுத்திக்கொண்டு யாரும் எண்ணெய் தேய்ப்பதில்லை, விளம்பரத்தில் தேய்ப்பார்கள்.) சன்னல் வெளிச்சம் போதவில்லை. வெள்ளை அட்டையைச் சாய்த்து முகத்துக்கு ஒளியைத் திருப்பினோம். குத்துவிளக்குக்குப் பின்னால் மஞ்சள் தாள் சுற்றிய சிறு எல்இடி.

“தேய்க்கிற மாதிரி செஞ்சா போதும்மா” என்றேன். அம்மா கேட்கவில்லை. நல்லெண்ணெயை உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்தார். பையன் கண்ணை மூடிச் சொக்கிப்போனான். அதுதான் படம்.

வாடிக்கையாளர் திரையைப் பார்த்தார். “பாட்டியைக் கொஞ்சம் சிவப்பாக்கிடலாமா?”

கணினியில் பத்து நிமிட வேலைதான். அம்மா இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

“முடியாது சார். அவங்க என் அம்மா.”

சற்று நேரம் யாரும் பேசவில்லை. படம் அப்படியே அச்சுக்குப் போனது.

அம்மாவின் கவலை வேறு. இரவல் புடவையில் பட்ட எண்ணெய்க் கறை போனதா என்று இன்னும் கேட்கிறார்.