மெருகின் அடியில் ஈரம்

அமெரிக்காவில் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் பயண வீடுகளுக்கு 'டிராவல் டிரெய்லர்' என்று பெயர். அவற்றுள் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்திலேயே உருவாகின்றன.

கணவன் மனைவி இருவர் மட்டும் சஃபர் செய்வதற்குக் குறைந்த விலையில் ஒன்றை நாடுவோர், மெத்தையின் மென்மையிலும் அடுக்களையின் பளபளப்பிலும் மயங்குதல் கூடாது. பயண வீட்டின் பெரும்பகை மழைநீரே. மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு பொதிந்த வகை மலிவானது. ஆயினும் கூரையும் சுவரும் கூடுமிடத்துப் பூச்சு வெடித்தால் நீர் கசிந்து மரம் இற்றுவிடும். மின்னசோட்டா மாநிலத்துப் பேக்கஸ் ஊரில் உருவாகும் 'ஸ்கேம்ப்' வகையோ, மேலும் கீழுமாக இரு கண்ணாடியிழை ஓடுகளை இணைத்தது. அளவை நோக்க விலை கூடுதலாயினும் இணைப்புகள் குறைவு. கசிவுக்கு வழியும் குறைவு. 13 அடி நீளமே இருவருக்குப் போதுமானது.

பழையதை வாங்குவோர் மூலைகளில் தரையை மிதித்தும், ஜன்னலடியை விரலால் அழுத்தியும் பார்த்தல் வேண்டும். மெத்தென்று அமிழ்ந்தால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது என்பது பொருள்.

தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், நனைந்ததை மறைத்த வணிகரைக் கண்டித்ததையும் நாமறிவோம். விற்பவர் குறையை மறைத்தல் எந்நாட்டிலும் மோசடியே. வாங்குபவரும் தொட்டறிந்தே வாங்குவது நலம்.