வெண்பனிக்கு அடியில் ஒரு சீனிப் படலம்

"மாமா, பனிச்சறுக்குக்குப் போகிறேன், துஆச் செய்யுங்கள்" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? என் தங்கை மகன் கேட்டபோது நான் நகைத்தேன். அவன் கோபிக்கவில்லை. "நீங்களும் வந்து பாருங்கள்" என்றான்.

சென்றோம். காஷ்மீரத்தின் குல்மர்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கண்டோலா எனும் கம்பிவட ஊர்தி, கொங்தூரி வழியாக அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டு சேர்க்கிறது. எனக்கு மூச்சு வாங்கியது. கீழே காலடி படாத வெண்மை! மருமகன் ஒற்றைப் பலகையில் இரு கால்களையும் பூட்டிக்கொண்டு, காவலர் கண்காணிக்கும் சரிவில் இறங்கினான். ஓசையே இல்லை, பறவையின் நிழல் நகர்வதைப் போலிருந்தது. மறைப்பானேன், எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

மறுநாள், கயிறு கட்டிய எல்லைக்கு அப்பாலுள்ள சரிவுக்குப் போக விரும்பினான். எங்கள் காஷ்மீரி வழிகாட்டி அங்கே ஓரமாக ஒரு குழி தோண்டினார். மேலே இறுகிய பாளம். அதனடியில் சீனியைப் போல உதிரும் பனி. மெல்லிய பனி கடுங்குளிரில் நெடுநாள் கிடந்தால் இப்படி மணலாகிவிடுமாம். அதன்மேல் காற்று கொண்டுவந்து குவிக்கும் புதுப்பனிக்குப் பிடிமானமில்லை. 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் பாளம் பெரும்பாலும் நழுவுகிறது. சறுக்குவோர் ஆசையோடு தேடுவதும் அதே சரிவுகளைத்தான்! கூச்சலிட்டால் மலை சரியும் என்பது சினிமாக் கதை. ஓர் ஆளின் எடை போதும். சறுக்குவோரை விழுங்கும் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் தொடக்கி வைப்பவர், சிக்கியவரோ அவருடைய கூட்டாளியோதான்.

ஓடி நின்ற பனி சிமெண்டைப் போல இறுகிவிடும். புதைந்தவர் விரலையும் அசைக்க இயலாது. சில நிமிடங்களில் தோண்டி எடுக்கப்படுவோரில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்துவிட்டால் பிழைப்போர் சிலரே. ஆகவே உடன் வந்தவர்தாம் மீட்பர். ஒவ்வொருவரிடமும் அலைபரப்பும் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று சிறுவயதில் ஓதிய நமக்கு இது புதிதன்று.

2010இல் இங்கே பயிற்சியிலிருந்த இராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் மாண்டனர். மலைக்கென்றே பழகியவர்கள்! 2023இல் போலந்து நாட்டவர் இருவர், 2024இல் ரஷ்யர் ஒருவர்.

"இன்று வேண்டாம்" என்றார் வழிகாட்டி. "இதற்காக எட்டு மாதம் பணம் சேர்த்தேன், மாமா" என்றான் மருமகன். அவ்வேளை வேறு நால்வர் கயிற்றைத் தாண்டி அதே சரிவில் இறங்கினர். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகவே கீழே சேர்ந்தனர். "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே!" என்றான். எனக்குப் பதில் தோன்றவில்லை. வழிகாட்டி குழியை மூடியபடியே உருதுவில் சொன்னார்: "நால்வரைத் தாங்கிய சரிவு ஐந்தாமவருக்கு உடைவதும் உண்டு, மகனே."

அவன் நெடுநேரம் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டான்.

இரவு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "காக்கா, பிள்ளை பத்திரமா?" நான் பேசுமுன் அவனே வாங்கி, "கண்டோலாவில்தான் இறங்கினேன், உம்மா" என்றான். குரலில் வருத்தம் இன்னும் இருந்தது.