பரிசல்காரரின் பேத்தி

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் முதியவர் ஒருவரின் பேத்தி அவள். பாறைகளுக்கிடையே காவிரி சுழித்தோடும் இடங்களைத் தாத்தாவுடன் சென்று பழகியவள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது தந்தைக்கு ரிஷிகேசத்துக்கு மாற்றலாயிற்று. 'அங்கும் ஆறு இருக்கிறதே!' என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அவர்கள் சென்றதோ ஜூலை மாதம். மழைநீரால் கங்கை கலங்கிப் பெருகியிருந்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அங்கே படகுச் சவாரி கிடையாது. ஆயினும் மாலைதோறும் தந்தையுடன் கரைக்குச் சென்றாள். காற்றடைத்த ரப்பர் படகைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த படகோட்டி ஒருவரிடம் அரைகுறை இந்தியில் கேள்விகளை அடுக்கினாள். சிவபுரியிலிருந்து வரும் வழியில் நீர் நுரைத்துப் பாயும் இடங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டாம். ஒன்றின் பெயர் 'ரோலர் கோஸ்டர்'! ஆற்றுக்கு இப்படியும் பெயரிடுவார்களா?

"எனக்குத் துடுப்புப் போடத் தெரியும்" என்றாள்.

"உன் ஆற்றில் தெரியும். இந்த ஆற்றை முதலில் பார்" என்றார் அவர். அவள் முகம் வாடியது. எனினும் மறுநாளும் சென்றாள்.

அக்டோபரில் நீர் தெளிந்தது. உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் அணிந்து, தந்தையுடன் படகேறினாள். பரிசலில் துடுப்பு ஒருவர் கையில். இங்கோ படகோட்டியின் குரலுக்கேற்ப அனைவரும் ஒருசேர வலிக்க வேண்டும். அவள் இருமுறை முந்திக்கொண்டாள். குளிர்ந்த அலை முகத்தில் அறைந்தது.

அன்றிரவு தாத்தா தொலைபேசியில் முதலில் கேட்டது, "சுழி எந்தப் பக்கம், கண்ணு?" என்பதுதான்.

"பாறைக்குக் கீழே, இடப்பக்கம், தாத்தா" என்றாள் உடனே.