மார்கரிட்டா: மூணு பொருளும் ஒரு அம்மாவும்

டெக்சாஸ்ல இருந்துக்கிட்டு மார்கரிட்டா தெரியாதுன்னு சொல்றது, மதுரையில இருந்துக்கிட்டு ஜிகர்தண்டா தெரியாதுன்னு சொல்ற மாதிரி. அதுவும் நான் குப்பை கொட்டுற டல்லாஸ்லதான், 1971-ல மரியானோ மார்ட்டினெஸ்னு ஒரு ரெஸ்டாரன்ட்காரர் பழைய சாஃப்ட் சர்வ் ஐஸ்கிரீம் மெஷினை எடுத்து நோண்டி, உலகத்தோட முதல் ஃப்ரோசன் மார்கரிட்டா மெஷினைச் செஞ்சார். செவன் லெவன் கடையில ஸ்லர்ப்பி மெஷினைப் பார்த்து வந்த ஐடியாவாம். பேட்டன்ட் வாங்காம விட்டுட்டார் மனுஷன்! 2005-ல அந்த மெஷினை ஸ்மித்சோனியன் மியூசியமே வாங்கி வச்சுக்கிச்சு.

ஆனா எனக்கு அந்தப் பச்சைக் கூழ் பிடிக்கலை. பனிக்கட்டி நாக்கை மரத்துப்போக வச்சிடும், அதை ஈடுகட்ட சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருப்பாங்க. உள்ள டெக்கீலா எவ்வளவு இருக்குன்னு கடைசி வரைக்கும் தெரியாது. எழுந்திருக்கும்போதுதான் தெரியும் :-) அதனால வீட்லயே பண்ண ஆரம்பிச்சேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். மொத்தமே மூணு பொருள்தான். டெக்கீலா, ஆரஞ்சு லிக்கர், எலுமிச்சைச் சாறு. யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டா டிஹுவானா, அகாபுல்கோன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க. ஆனா இதே மூணும் 1937-ல லண்டன்ல வந்த காஃபே ராயல் காக்டெயில் புத்தகத்துல 'பிகடோர்'ங்கிற பேர்ல இருக்கு. அதுக்கும் முன்னாடியே 'டெய்சி'ன்னு ஒரு காக்டெயில் வகை உண்டு. ஸ்பானிஷ்ல டெய்சிப் பூவுக்குப் பேர் மார்கரிட்டா. இதுக்கு மேல துப்பறியத் தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

டெக்கீலா வாங்கும்போது லேபிள்ல '100 சதவீதம் அகாவே'ன்னு இருக்கணும். இல்லைன்னா 51 சதவீதம்தான் அகாவே சர்க்கரை, மிச்சம் கரும்பு மாதிரி வேற எதுவா வேணா இருக்கலாம், சட்டமே அனுமதிக்குது. நம்ம ஊர்ல தண்டவாள ஓரமா முள்ளும் கையுமா நிக்குமே ரயில் கத்தாழை, அதோட பங்காளிதான் இந்த நீல அகாவே. முத்துறதுக்கே ஆறேழு வருஷம் ஆகும். ஆரஞ்சுக்கு கோவான்த்ரோ. விலை கொஞ்சம் கடிக்கும், ஆனா மலிவான ட்ரிபிள் செக் பாதி சர்க்கரைத் தண்ணி.

இப்ப எலுமிச்சை. இங்கதான் விஷயமே இருக்கு.

சூப்பர்மார்க்கெட்ல 'லைம்'னு பெருசா, தோல் தடிமனா, விதையே இல்லாம விக்கிறது பெர்சியன் லைம். நம்ம எலுமிச்சையும் லெமனும் கலந்த ஒட்டு ஜாதி. ரெண்டு வருஷம் அதை வச்சுதான் ஓட்டினேன். போன வருஷம் அம்மா ஆறு மாசம் வந்து இருந்தாங்க. ஒரு சனிக்கிழமை மெக்சிகன் மளிகைக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். சின்ன வலைப்பையில குட்டிக் குட்டியா, லேசா மஞ்சள் படிஞ்ச பழம். ஒண்ணை எடுத்து மோந்து பார்த்துட்டு, "எய்யா, இது நம்ம எலுமிச்சம்பழம்லா!"ன்னாங்க. பையில 'கீ லைம்'னு போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தா, அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆசியாவுல பிறந்து, அரேபியர் கைமாறி, ஸ்பானியர் கப்பல்ல 16-ஆம் நூற்றாண்டுல மெக்சிகோவுக்குப் போன அதே பழம். சாத்தூர் சந்தைக்கும் கொலிமா தோட்டத்துக்கும் ஒரே எலுமிச்சை!

சாறு பிழியறதுலயும் அவங்கதான் குரு. வெட்டுறதுக்கு முன்னாடி உள்ளங்கையால திண்ணையில... சாரி, கிச்சன் கவுண்ட்டர்ல வச்சு உருட்டணும். ஒரு அழுத்துக்கு மேல பிழியக்கூடாது, தோல் கசப்பு இறங்கிடும். நாளைக்குன்னு எடுத்து வைக்கக் கூடாது.

பிழிஞ்சு முடிச்சதும் கேட்டாங்க, "இது எதுக்குய்யா இவ்வளவு?"

சொன்னேன். முகம் மாறிடுச்சு. எங்க சின்ன மாமா 44 வயசுல ஈரல் கெட்டுப் போனவர். அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்க வீட்ல குடிங்கிற வார்த்தையையே யாரும் சத்தமா சொல்ல மாட்டாங்க. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "எவ்வளவு குடிப்ப?"

'கொஞ்சம்தாம்மா'ன்னு சொல்லியிருக்கலாம். மாமாவும் அதைத்தான் சொல்வார். அதனால ஜிக்கரை எடுத்து வச்சு கணக்குப் போட்டுக் காட்டினேன். வழக்கமான அளவு 60 மில்லி டெக்கீலா, 30 கோவான்த்ரோ, 30 சாறு. ரெண்டு பாட்டிலுமே 40 சதவீதம். ஆக 36 மில்லி சுத்த ஆல்கஹால். அமெரிக்காவுல 'ஒரு டிரிங்க்'னு கணக்கு வைக்கிறது 18-க்கும் சொச்சம் கம்மி. அதாவது பார்க்க ஒரு கிளாஸ், உள்ள ரெண்டு. நான் பண்றது 30, 15, 15. வாரம் ஒண்ணு, வெள்ளிக்கிழமை ராத்திரி.

"மாமா குடிச்சது?"ன்னாங்க. குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். 77 மில்லி வருது. நாலுக்கு மேல. அது ஒரு பாட்டிலுக்கு. கடைசி வருஷங்கள்ல ஒரு பாட்டிலோட நின்னதில்லை. அம்மா அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

மறுநாள் பார்த்தா டெக்கீலா பாட்டில்ல பேனாவால சின்னதா ஒரு கோடு, சரக்கு நிக்கிற மட்டத்துல. நான் எதுவும் கேட்கலை. அடுத்த வெள்ளிக்கிழமை ஊத்தி முடிச்சதும் நானே கீழ ஒரு கோடு போட்டுத் தேதியும் எழுதி வச்சேன்.

செய்முறை சுருக்கமா: மூணையும் ஷேக்கர்ல ஊத்தி, ஐஸ் நிறையப் போட்டு, கை வலிக்க 15 செகண்ட் குலுக்குங்க. குளிர்றதுக்கு மட்டும் இல்ல, ஐஸ் உருகி கிட்டத்தட்ட கால் பங்கு தண்ணி சேரணும், அப்பதான் காரம் அடங்கும். (குலுக்காம ஐஸ் மேல ஊத்திக் குடிக்கிறவங்களோட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.) கிளாஸ் விளிம்புல பாதி வட்டத்துக்கு மட்டும் கல் உப்பைப் பொடிச்சு ஒட்டுங்க. உப்பு கசப்பை அமுக்கும். வேணும்னா அந்தப் பக்கம், வேண்டாம்னா இந்தப் பக்கம்.

உப்பைப் பார்த்ததும்தான் அம்மா லேசா சிரிச்சாங்க. "எலுமிச்சைச் சாத்துல உப்பு போடணும்னு வெள்ளைக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கே!" மெக்சிகோக்காரங்கம்மான்னு சொன்னதெல்லாம் காதுலயே விழலை. அவங்களுக்கு சாறு, சர்க்கரை, சோடா, இஞ்சி ஒரு துண்டு தட்டிப்போட்டு, அதே கிளாஸ்ல, அதே உப்பு விளிம்போட. ரெண்டு பேரும் பால்கனியில உட்கார்ந்து குடிச்சோம். வலைப்பையில மிச்சம் இருந்ததை நாலா வகுந்து, ஊர்லேர்ந்து கொண்டுவந்த மிளகாப்பொடி போட்டு ஊறுகாய் ஆக்கிட்டாங்க. ஒரு பாட்டில் இன்னும் ஃப்ரிட்ஜ்ல இருக்கு.