கைப்பேசிக்குள் ஒரு வகுப்பறை

பள்ளி என்னும் சொல்லுக்கு நம் மொழியில் பொருள் பல உண்டு. உறங்குமிடமும் பள்ளி, துறவோர் தங்குமிடமும் பள்ளி, தொழுமிடமும் பள்ளி, எழுத்தறியுமிடமும் பள்ளியே. எல்லாவற்றிலும் அது ஓர் இடம். நாம் நடந்து சென்று சேரவேண்டிய இடம். 2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது அந்த இடம் இல்லாமற்போய், கல்வி மட்டும் ஒரு கண்ணாடிச் சில்லின் வழியே வீட்டுக்குள் வரத் தொடங்கிற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தான் இழந்தது இன்னதென்று தெரியும். அவ்வாண்டு முதல் வகுப்பில் பெயர் எழுதப்பெற்ற குழந்தைக்கோ, இழந்தது இன்னதென்றும் தெரியாது. அத்தகைய குழந்தையொன்று நம் வீட்டிலும் இருந்தது. மகன் வயிற்றுப் பேத்தி. ஐந்து வயது நிரம்பியவள்.

நாம் வாழ்வது ஓசூரில், சிப்காட்டை ஒட்டிய குடியிருப்பில். கூப்பிடு தூரத்தில் ஜூஜூவாடி, அதைக் கடந்தால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும். அண்மைக் காலமாக ஒடியாவும் இந்தியும் சேர்ந்துகொண்டன. இங்குப் பெரும்பாலான வீடுகளில் தொடுதிரைக் கைப்பேசி ஒன்றுதான். ஆலைகள் மீண்டும் இயங்கத் தொடங்கியதும், காலை ஷிப்டுக்குச் செல்லும் தகப்பனோடு அதுவும் ஆலைக்குச் சென்றுவிடும். பத்து மணிக்கு வகுப்பு. கைப்பேசி வீடு திரும்புவதோ பிற்பகலில். எங்கோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்து நேர அட்டவணை வகுப்போருக்கு இந்த ஷிப்டுக் கணக்கு எவ்வாறு தெரியும்? நம் மகனுக்குப் பிற்பகல் ஷிப்டு வரும் வாரங்களில் மட்டுமே குழந்தைக்கு நேரடி வகுப்பு வாய்த்தது. மற்ற வாரங்களில், ஆசிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரற்பதிவுகளே பாடம்.

முதல் வாரத்திலேயே குழந்தை வகுப்பை வெறுத்துவிட்டாள். காரணம் எளியது. ஆசிரியை கேட்ட வினாவுக்கு அவள் உரக்க விடை சொன்னாள். ஒலிவாங்கி அடைக்கப்பட்டிருந்ததால் அது அங்கே கேட்கவில்லை. "ஏன் பேசவில்லை?" என்று ஆசிரியை மீண்டும் வினவ, தான் சொன்னதை அவர் ஏற்கவில்லை என்று அவள் எண்ணிவிட்டாள். மறுநாள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதட்டி இழுப்பதில் பயனில்லை என்று நாமும் மருமகளும் முடிவு செய்தோம். அண்டை வீட்டுக் கைப்பேசியை இரவல் வாங்கி, ஒன்றைச் சமையலறையிலும் மற்றொன்றைக் கூடத்திலும் வைத்து விளையாடினோம். ஒலியை அடைத்தால் இந்தப் பக்கம் கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்காது. திறந்தாலோ, சொல் ஒரு நொடி பிந்தி வந்து சேரும். இதனை அவளே கண்டு சிரித்தாள். அன்று முழுதும் நம்மை மாணவராக்கி, அவளே ஆசிரியையாக வீற்றிருந்து, நினைத்தபோதெல்லாம் நம் வாயை அடைத்தாள்! (வீட்டில் சிலருக்கு அது பெரும் மகிழ்ச்சி அளித்தது.) அதன் பின்னர் அவள் கட்டிலுக்கு அடியில் போகவில்லை.

கைப்பேசியைக் கையில் கொடாமல் மாவு டின்னின் மேல் சாய்த்து வைத்தோம். கை சும்மா இருந்தால் எதையேனும் தேடும். ஆகவே எழுத்தைத் தட்டில் பரப்பிய பச்சரிசி மாவில் விரலால் எழுதச் செய்தோம். அது மாங்காய்க் காலம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கொட்டைக்குப் பஞ்சமேது? கழுவி உலர்த்திய கொட்டைகளைக் கொண்டே கூட்டலும் கழித்தலும் நடந்தன.

2020 ஜூலை 14 அன்று நடுவண் அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஒரு நாளில் 30 முதல் 45 நிமிட அளவில் இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாதென்றது. நம் பட்டறிவில் அதுவே மிகை. இருபது நிமிடம் கடந்தபின் குழந்தையின் கண் திரையில் இருக்கும், கருத்து இராது.

இதற்குக் காரணம் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பெட்ரீசியா கூல் என்னும் அம்மையாரும் உடனுழைத்தோரும் 2003 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து கதை சொல்லி விளையாடினர்; வேறு சிலருக்கு அதுவே படக்காட்சியாகக் காட்டப்பட்டது. நேரிற் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தி அறிந்தன. படத்திற் கண்டவை ஏதும் கற்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தை கைக்குழந்தை அன்று என்பது மெய்தான். ஆயினும், தன் முகம் நோக்கி, தன் சொல்லுக்கு மறுசொல் தரும் ஒருவர் வேண்டும் என்னும் தேவை ஐந்து வயதில் அற்றுப் போய்விடுவதில்லை.

இதனை நமக்கு மெய்ப்பித்தவர் மக்தபில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத். அவர் திரை வகுப்பு எதுவும் நடத்தவில்லை. அந்திக்குப் பின் ஒவ்வொரு பிள்ளையாகத் தொலைபேசியில் அழைத்து, ஐந்து நிமிடம் ஓதச்சொல்லிக் கேட்பார். நம்மிடமிருந்த பழைய பொத்தான் பேசியே அதற்குப் போதுமானதாயிற்று. முகம் தெரியாது, எனினும் அந்த ஐந்து நிமிடமும் அவளுக்கே உரியது. நாற்பது முகங்கள் கட்டங்கட்டமாய்த் தெரிந்த காலை வகுப்பைவிட, முகமே தெரியாத அந்த அழைப்புக்காக அவள் ஆவலோடு காத்திருந்தாள். இதைப் பின்பற்றி, வாரத்தில் ஒரு நாள் இரண்டு நிமிடமேனும் குழந்தையோடு தனியே பேசுமாறு அவள் ஆசிரியையை மருமகள் வேண்டிக்கொள்ள, அவரும் மனமுவந்து இசைந்தார். குழந்தை உள்ளபடியே கற்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

திரையே இல்லாத வீடுகளின் கதை வேறு. 2019 ஆகஸ்டு 26 இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி அவர்களுக்கு ஓரளவு கைகொடுத்தது. ஆனால், நம் தெருவிலிருந்த ஒடியாப் பிள்ளைகளுக்கு அதன் தமிழ் எட்டவில்லை. அவர்களுள் இருவர் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து மாங்கொட்டை எண்ணினர். எண்ணுவதற்கு மொழி ஒரு தடையாக இல்லை. தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லும் 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபர் 27 அன்றுதான் தொடங்கியது.

அதனை அடுத்து, நவம்பர் 1 அன்று, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் தமிழகத்துப் பள்ளிகள் திறந்தன. முதல் வகுப்பின் பலகையையே காணாமல் அவள் இரண்டாம் வகுப்புக்குச் சென்றாள். மாலையில் வந்தவளிடம் பாடம் என்ன என்று கேட்டோம். அதை அவள் பொருட்படுத்தவேயில்லை.

"டீச்சர் எவ்வளவு உயரம் தெரியுமா, தாதா!" என்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.