ஆச்சியின் ஜவ்வாது டப்பி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

மணங்களிலும் உயர்குலம், தாழ்குலம் உண்டு என்பதை இக்கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். நம் மாணவியர் ஓய்வறையில் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். குப்பியை அழுத்தினால் 'புஸ்' என்று பீய்ச்சும் ஸ்பிரே நாகரிகம். மல்லிகை எப்போதும் மங்களம். ரோஜா அத்தர்கூடப் பரவாயில்லை. ஆனால் ஜவ்வாது என்று சொல்லிவிட்டால் போதும், "ஐயே, கோயில் வாசம்!" என்று மூக்கைச் சுளிப்பவர் பாதி, "பாட்டி வாசம்!" என்று சிரிப்பவர் மீதி. இரண்டாம் கட்சியாருடன் எனக்குச் சண்டையே இல்லை. அது பாட்டி வாசம்தான். எங்கள் பக்கம் பாட்டியை ஆச்சி என்போம், அவ்வளவே வேறுபாடு!

ஜவ்வாதைக் கண்டறியாத தோழியருக்காகச் சொல்கிறேன். கட்டைவிரல் உயரமே உள்ள டப்பி. உள்ளே வெளிர் மஞ்சளில் மாவு போன்ற பொடி. கடுகளவு எடுத்தால் ஒரு நாளைக்குப் போதும். உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் காதின் பின்புறமும் கழுத்திலும் தடவிக்கொள்வாள் ஆச்சி. விரலில் மிஞ்சியதை முந்தியில் துடைத்துக்கொள்வாள். வீணாகக் கூடாதாம்! எடுத்த எடுப்பில் அது நாட்டு மருந்துக் கடை வாசலில் நிற்பது போலக் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்தால் சந்தனம் தலைகாட்டும். வெயில் ஏறி உடம்பு வேர்க்கத் தொடங்கும்போதுதான் உள்ளிருக்கும் இனிப்பு வெளியே வரும். பாயசத்தின் இனிப்பன்று அது. கருப்பட்டியையும் பச்சைக் கற்பூரத்தையும் ஒரே பெட்டியில் நாலு நாள் பூட்டி வைத்துவிட்டுத் திறந்தால் எப்படியோ, அப்படி. மல்லிகை பொழுது சாய வாடிவிடும். ஜவ்வாதோ மறுநாள் துவைக்கப் போட்ட ரவிக்கையிலும் விடாப்பிடியாக உட்கார்ந்திருக்கும்.

ஆச்சி வேலை பார்த்தது ஆபீசில். உடனே மேசை, நாற்காலி, மின்விசிறி என்று எண்ணிவிடாதீர்கள். திருவேங்கடம், கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத்தான் ஆபீஸ் என்று பெயர்! அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து 1923-இல் சிவகாசியில் தொடங்கிய தொழில், மெல்ல எங்கள் கரிசல் காட்டுக்கும் பரவியது. மேற்கே குற்றாலத்தில் சாரல் கட்டும் நாட்களில் எங்களூருக்குக் காற்று மட்டும் வரும், தூறல் வராது. பருத்தியும் சோளமும் வானத்தைப் பார்த்துக் கருகிய வருஷங்களில் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது இந்தத் தீக்குச்சியே.

பன்னிரண்டு வயதில் கட்டை அடுக்கப் போனவள் ஆச்சி. அடுக்கிய கட்டையை மெழுகிலும் பின் மருந்திலும் முக்கி எடுப்பார்கள். பொட்டாசியம் குளோரேட், கந்தகம், வச்சிரம் என்று நான் வரிசையாக ஒப்பிப்பதெல்லாம் ஆச்சிக்கு ஒரே சொல்: 'மருந்து'. அந்த மருந்து வாசம் கையை விட்டுப் போகாது. கஞ்சி குடிக்கும்போதும் வரும்; பிள்ளைக்குச் சோறூட்டும்போதும் வரும். சாயங்கால பஸ்ஸில் ஏறினால், "ஆபீஸ்காரிக வந்துட்டாளுக" என்று சிலர் தள்ளி உட்காருவார்களாம். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை குளியல். இரண்டாவது வேலை ஜவ்வாது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பூசுவதுதானே வழக்கம், வீட்டில் சும்மா இருப்பதற்கு எதற்கு என்று சிறு வயதில் ஒருமுறை கேட்டேன்.

"ஆபீஸ் வாசம் ஆபீசோட கெடக்கட்டும், ஏட்டி. வீட்டுக்கு வந்தா நான் நானா இருக்க வேண்டாமா?"

ஆச்சியின் கூலி தாத்தாவின் கடனுக்குப் போயிற்று; மாமாவின் சைக்கிளுக்குப் போயிற்று; அம்மாவை எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தது. தனக்கென்று அவள் வாங்கிய ஒரே பொருள் இந்த டப்பிதான். அதுவும் ஆண்டுக்கு ஒன்று. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போவோம். கோமதியம்மன் தவமிருக்க, ஈசன் சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கும் அந்தக் கூட்டத்தில் எலும்பு நொறுங்கும். புற்றுமண்ணை நெற்றியிலிட்டுக்கொண்டு வெளியே வந்தால், வளையல் கடை, மிட்டாய்க் கடை எதையும் ஏறிட்டுப் பாராமல் நேரே வாசனைச் சாமான் கடைக்குப் போவாள். அங்கே கால் மணி நேரம் பேரம் நடக்கும். கடைக்காரர் களைத்த பிறகே முந்தி முடிச்சு அவிழும்.

ஜவ்வாது என்ற சொல்லுக்கே ஒரு கடற்பயணக் கதை உண்டு. அரபியில் 'ஸபாத்' என்பது புனுகைக் குறிக்கும். அது தமிழுக்கு வந்து சவ்வாது, ஜவ்வாது ஆயிற்று. அதே சொல் மேற்கே போய் ஆங்கிலத்தில் 'சிவெட்' ஆயிற்று. புனுகுப் பூனையின் வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து கிடைக்கும் பிசுக்குத்தான் புனுகு. தனியே முகர்ந்தால் ஓடத் தோன்றும். துளியிலும் துளியாகச் சந்தனத்தில் கலந்தால் மணத்தைப் பிடித்து நிறுத்தும். திருமலை வேங்கடவனுக்கு வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்தில் புனுகு சாத்துவார்கள். (எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே "திருப்பதிப் பக்கமா?" என்று கேட்பவர்களுக்கு, அந்த வேங்கடத்துக்கும் எங்கள் வேங்கடத்துக்கும் இனி இந்தப் புனுகையே உறவு சொல்லலாம் என்றிருக்கிறேன்!) மயிலாடுதுறையில் புனுகீஸ்வரர் என்றே ஒரு சிவன் இருக்கிறார், புனுகுப் பூனை பூசித்த தலம் என்கிறது தலபுராணம்.

அந்தப் பூனை நம் பாடப்புத்தகத்துக்குள்ளும் பாய்ந்திருக்கிறது. சிறிய வளையச் சேர்மங்களும் பெரிய வளையச் சேர்மங்களும் இறுக்கத்தால் நிலைக்கமாட்டா என்ற பேயரின் 1885-ஆம் ஆண்டுக் கொள்கையை நாமெல்லாம் மனப்பாடம் செய்கிறோம் அல்லவா? 1926-இல் லியோபோல்டு ருசீச்கா என்ற அறிஞர் புனுகின் மணப்பொருளான சிவெட்டோனைப் பிரித்துப் பார்த்தார். பதினேழு கார்பன் அணுக்கள் கைகோத்த ஒரே வளையம்! நிலைக்காது என்று ஜெர்மனியில் ஒருவர் எழுதி வைத்ததைப் பூனை படிக்கவில்லை போலும். அது பாட்டுக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறது. ருசீச்காவுக்கு 1939-இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

இனி ஓரியண்டல் கதைக்கு வருகிறேன். கடையநல்லூரிலிருந்து வரும் என் தோழி, தன் தந்தை துபாயிலிருந்து தாயாருக்கு வாங்கி வந்த ஒரு சென்ட் குப்பியைச் சென்ற ஆண்டு கொண்டுவந்தாள். பெயர் ஷாலிமார். பாரிசில் குயர்லான் நிறுவனத்தார் 1925-ஆம் ஆண்டுப் பொருட்காட்சியில் பெண்களுக்கென்று அறிமுகப்படுத்திய புகழ்பெற்ற மணம். ஷாஜஹானும் மும்தாஜும் உலவிய தோட்டத்தின் பெயர் என்று விளம்பரம் செய்வார்கள். லாகூர் ஷாலிமாரைத் தொடங்கியது 1641-இல். மும்தாஜ் மறைந்தது 1631-இல். காஷ்மீரத்து ஷாலிமாரோ ஜஹாங்கீர் 1619-இல் அமைத்தது. எந்தத் தோட்டத்தில் உலவினார்களோ, பாரிஸ்காரருக்கே வெளிச்சம்!

ஆய்வுக்கூடத்து வடிதாளைக் கீற்றாக நறுக்கி, ஒரு சொட்டு விட்டு, நாலு பேர் சுற்றி நின்று முகர்ந்தோம். முதலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல ஒரு பளிச். எல்லோரும் "ஆகா" என்றார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கீற்றை நோட்டுக்குள் வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன். பிற்பகல் நோட்டைத் திறந்தால், அங்கே ஆச்சி உட்கார்ந்திருந்தாள்! அதே இனிப்பு, அதே புகை, வேர்வையோடு ஒட்டிக்கொள்ளும் அதே இளஞ்சூடு. வனிலா வாசனையின் வலுத்த உறவான எத்தில் வனிலினை, 1889-இல் வந்த ஜிக்கி என்ற தம் பழைய சென்டில் ஊற்றிப் பார்த்தபோது ஷாலிமார் பிறந்தது என்பார்கள். அந்த ஜிக்கியில் புனுகு உண்டு. மேலைநாட்டார் இவ்வகை இனிய பிசின் மணங்களுக்கு 'ஓரியண்டல்', அதாவது கீழ்த்திசை என்றே நெடுங்காலம் பெயரிட்டிருந்தனர். அண்மை ஆண்டுகளில் பலர் 'ஆம்பர்' என்று மாற்றிக்கொண்டனர். பெயர் எதுவானால் என்ன? சாம்பிராணி, சந்தனம், புனுகு என்று நம் வீட்டு வாசனைகளைக் கொண்டே அவர்கள் கடை விரித்தார்கள். வடிதாளில் வந்தால் நாகரிகம், ஆச்சியின் கழுத்தில் வந்தால் பட்டிக்காடு என்ற தீர்ப்பை நான் ஏற்பதாக இல்லை.

சாம்பிராணியைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. நாம் செய்முறையில் வெள்ளை ஊசிகளாகப் படியவைக்கும் பென்சாயிக் அமிலம், முதலில் சாம்பிராணிப் பிசினிலிருந்துதான் எடுக்கப்பட்டது. 1833-இல் மிட்ஷர்லிக் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு காய்ச்சி வடித்துக் கிடைத்த திரவத்துக்குப் 'பென்சின்' என்று பெயரிட்டார். நாம் நாள்தோறும் கரும்பலகையில் அறுகோணமாக வரையும் பென்சீன், பெயரளவில் சாம்பிராணியின் பேத்தி! எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பென்சீன் என்றால் பயந்து கிடந்த எனக்கு, அது வெள்ளிக்கிழமை ஆச்சி போடும் புகையின் உறவு என்று தெரிந்த அன்று, கரிம வேதியியல் கொஞ்சம் வீட்டுப் பிள்ளையானது.

ஆனால் வேதியியலும் நாறும். உப்புப் பகுப்பாய்வு முடிந்து வீடு திரும்பிய முதல் நாள், கதவைத் திறந்த அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "ஆபீஸ் வாசம்லா அடிக்கி! இதுக்கா ஒன்னயப் படிக்க அனுப்புனேன்?" ஹைட்ரஜன் சல்பைடு என்று விளக்கினேன். அம்மா கேட்டுக்கொள்ளவில்லை, டப்பியை எடுத்துவந்து என் காதுக்குப் பின்னால் தடவினாள்.

இன்று கடையில் கிடைக்கும் ஜவ்வாது பழைய ஜவ்வாது அன்று. புனுகுப் பூனையை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அது சரியே, கூண்டிலடைத்துச் சுரண்டிய பிசுக்கில் நமக்கு மணம் வேண்டாம். நல்ல சந்தனமோ விலைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. பல டப்பிகளில் செயற்கை மணமும் வெள்ளைப் பொடியுமே மிகுதி. செயற்கை என்பதற்காக நான் வெறுக்கவில்லை, ஷாலிமாரின் உயிரும் செயற்கையே. கைத்திறன் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

இதையெல்லாம் நான் இவ்வளவு தீர முகர்ந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஆச்சி காய்ச்சலில் விழுந்தாள். பிழைத்தாள், மணம் போயிற்று. மூக்கின் உச்சியில் மணமறியும் நரம்புச் செல்களுக்குத் துணை நிற்கும் செல்களை அந்தக் கிருமி தாக்குகிறது. பெரும்பாலோர்க்குத் திரும்பிய மணம் ஆச்சிக்குத் திரும்பவேயில்லை. ரசம் வெந்நீர் என்றாள். மல்லிகை காகிதம் என்றாள். ஆனால் ஜவ்வாதை மட்டும் நிறுத்தவில்லை. இப்போதும் குளித்து முடித்துக் கடுகளவு குழைத்துத் தடவிக்கொண்டு, கழுத்தை என் பக்கம் நீட்டிக் கேட்பாள்: "வாசம் இருக்காட்டி?" இருக்கு என்றால் விடமாட்டாள். "எப்படி இருக்கு, சொல்லு." சந்தனம் வந்துவிட்டதா, இனிப்பு இன்னும் வரவில்லையா, நேற்றைக்கு இன்றைக்கு எப்படி என்று நான் விவரிக்க வேண்டும். கருப்பட்டி, பச்சைக் கற்பூரம் என்றெல்லாம் மேலே எழுதினேனே, அவை ஆச்சிக்காகத் தேடிப் பிடித்த சொற்களே.

சென்ற ஆடித்தபசுக்கும் போனோம். கடை முன்னால் நின்று மூன்று டப்பிகளை என் கையில் கொடுத்து, "மோந்து சொல்லு" என்றாள். முதலாவது வெறும் முகப்பவுடர். இரண்டாவதில் இனிப்பிருந்தது, சந்தனமில்லை. மூன்றாவதைக் கடுகளவு என் மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டேன். கூட்டம் நெருக்கியது, கடைக்காரர் சலித்துக்கொண்டார், ஆச்சி அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் கை வேர்த்து அந்த இனிப்பு எழுந்து வரும்வரை காத்திருந்து, "இதுதான் ஆச்சி" என்றேன்.

விலை எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. முந்தி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.