அரைப் பக்கத்துக்குள் 36 ஆண்டுகள்

இளவயதில் ஒரு மாத இதழில் வரலாற்றுக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தேன். அரைப் பக்கத்துக்கு மேல் இடம் கிடையாது. அதற்குள் எத்தனை அரசர் பெயரை அடைக்கிறேனோ அவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. பரகேசரி, இராசகேசரிப் பட்டங்கள், ஆட்சியாண்டுகள், பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு என்று எல்லாம் வரிசையாக வரும். படித்தவர்களுக்கு ஏதாவது புரிந்ததா என்று கேட்கத் தோன்றியதே இல்லை. அப்போது மீசை மட்டும் நன்றாக முறுக்கியிருப்பேன்.

அங்கே மெய்ப்புப் பார்க்க ஒரு பெரியவர் வருவார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சோழர் குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு, "தம்பி, தக்கோலத்துக்கும் ராஜராஜனுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு? ஒரு பேரும் சொல்லாம சொல்லுங்க பாப்போம்" என்றார். பெயரில்லாமல் வரலாறா என்று எரிச்சல் வந்தது. அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி காத்திருந்தார்.

கதை உண்மையிலேயே சிக்கல்தான். 949இல் தக்கோலப் போரில் இளவரசன் இராசாதித்தன் யானைமேலேயே மாண்டான். அதனால் முதலாம் பராந்தகனுக்குப் பின் அடுத்த மகன் கண்டராதித்தன் அரசனானான். கண்டராதித்தன் மறைந்தபோது அவன் மகன் மதுராந்தகன் சிறுவன் போலும். ஆட்சி தம்பி அரிஞ்சயனுக்கும், அவனுக்குப் பின் அவன் மகன் சுந்தரசோழனுக்கும் போயிற்று. சுந்தரசோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். இளையவன் அருண்மொழி இருக்க, மதுராந்தகனே உத்தமசோழன் என்ற பெயரில் அரியணை ஏறினான். 985இல்தான் அருண்மொழி இராசராசனாக முடிசூடினான்.

பெயர்களை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? ஒரு குடும்பம், இரண்டு கிளைகள். மூத்த கிளைப் பிள்ளை சிறுவன் என்பதால் ஆட்சி இளைய கிளைக்குப் போகிறது. ஒரு கொலைக்குப் பின் மூத்த கிளைக்குத் திரும்புகிறது. கடைசியில் இளைய கிளையிடமே வந்து நிலைக்கிறது. இவ்வளவுதான். இதை முதலில் சொல்லிவிட்டால், பிறகு வரும் பெயர்கள் தாமாகவே அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பெரியவர் இதை எனக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. நானே தட்டுத்தடுமாறி வந்து சேரும்வரை விட்டுவிட்டார். அந்தப் பொறுமை எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

சுருக்குவதில் பெரிய ஆபத்து அந்தக் கொலையில்தான் இருக்கிறது. இடம் குறைவாக இருந்தால், உத்தமசோழன் பதவிக்காகக் கொன்றான் என்று ஒரே வரியில் முடித்துவிடக் கை துறுதுறுக்கும். உடையார்குடிக் கல்வெட்டு இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. அவர்களும் உறவினரும் நிலம் இழந்ததையும் சொல்கிறது. தூண்டியவர் யார் என்பது அதில் இல்லை. வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி உத்தமசோழன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிப்பதால், கரிகாலன் கொய்த வீரபாண்டியன் தலைக்கு வாங்கிய பழி இது என்பாரும் உண்டு. திருவாலங்காட்டுச் செப்பேடோ, குடிகள் வேண்டியும் சிறிய தந்தை உத்தமசோழனுக்கு ஆசை இருக்கும்வரை அரியணை வேண்டாமென்று அருண்மொழி ஒதுங்கியதாகப் பாடுகிறது. இராசராசன் மகன் காலத்துச் செப்பேடு அது. தகப்பனைப் புகழாமல் வேறென்ன செய்யும்?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் வந்தபிறகு இன்னொரு தொல்லை. இராசராசனின் அக்கா குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. நந்தினியோ கல்கியின் கற்பனை. என் பேத்திக்கு இருவரும் ஒரே அளவு உண்மை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், கல்கியின் கை அப்படி.

பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதித் தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டப்பெயர்களைத் தாராளமாக வெட்டுங்கள், ஆண்டுகளில் பாதியையும் வெட்டுங்கள். கொலையைத் தூண்டியவர் யாரென்று கல்வெட்டில் இல்லை என்ற அந்த ஒரு வரியை மட்டும், இடம் எவ்வளவு குறைந்தாலும், விட்டுவிடாதீர்கள்.